ஜானி கேஷின் ‘ஐ வாக் தி லைன்’: டிரம் வாசித்தது யார்?

மார்ச் 3, காலை 8.15 (கேள்வி)

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷின் ‘ஐ வாக் தி லைன்’, 1956 பதிவு. ஹெட்ஃபோனில் கேட்டால் ஸ்னேர் டிரம்மில் பிரஷ் போடுவது போல ‘சிக், சிக்’ என்று ஒன்று கடைசி வரை ஓடுகிறது. வாசித்தவர்கள் பட்டியலில் டிரம்மர் பெயரே இல்லை. பெயர் விட்டுப்போனதா, ஸ்டுடியோ ஆளை வைத்து வாசித்துவிட்டுப் பெயர் போடாமல் விட்டார்களா?

மார்ச் 3, இரவு 9.40

யார் பெயரும் விட்டுப்போகவில்லை. அது காகிதம். கேஷ் தன் கிதார் கம்பிகளுக்கு இடையில் ஒரு தாளைச் செருகிக்கொண்டு மீட்டினார். கம்பி காகிதத்தில் உரசும்போது ஸ்வரம் அடங்கி, உரசல் மட்டும் மேலே வரும். அதுதான் உங்கள் ‘சிக்’. டாலர் நோட்டு என்று பலரும் சொல்வார்கள். எந்தத் தாளும் போதும்.

அன்றைய கன்ட்ரி குழுக்களில் டிரம் இருப்பதே அபூர்வம். நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையில் அதற்கு வரவேற்பும் இல்லை. கேஷின் குழுவில் மொத்தம் மூன்று பேர்: அவர், மின்கிதாரில் லூத்தர் பெர்க்கின்ஸ், பாஸில் மார்ஷல் கிராண்ட். டிரம்மர் டபிள்யூ. எஸ். ‘ஃப்ளூக்’ ஹாலண்ட் 1960இல்தான் வந்து சேர்ந்தார். ‘டென்னசி டூ’ என்றிருந்த பின்வாத்தியக் குழுவின் பெயர் ‘டென்னசி த்ரீ’ ஆனது அப்போதுதான்.

மார்ச் 4, காலை 7.05

காகிதம் வைப்பது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

நோட்டு அளவுத் தாளை நீளவாக்கில் மடித்து, இரண்டு விரல் அகலப் பட்டையாக்குங்கள். ஆறாவது (தடித்த) கம்பிக்கு அடியில், ஐந்தாவதுக்கு மேல், நாலாவதுக்கு அடியில் என்று பாய் பின்னுவது போல நுழையுங்கள். பிரிட்ஜ் (கிதாரின் உடலில் கம்பிகள் முடியும் கட்டை) பக்கம் வைத்தால் இடதுகைக்கு இடைஞ்சல் இருக்காது. பிரிட்ஜை ஒட்டியே இருந்தால் ஸ்வரம் நன்றாகக் கேட்கும், உரசல் குறையும். ஒலித்துளையை நோக்கி நகர்த்த நகர்த்த ஸ்வரம் சாகும், ‘சிக்’ ஏறும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கிதாரையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. தாள் தடித்தால் (அட்டை, திருமணப் பத்திரிகை வகை) கம்பி ஊமையாகிவிடும். டிஷ்யூ போல மெலிந்தால் உரசலே வராது, நாலு தட்டில் கிழிந்தும் விடும். கைவியர்வை பட்டால் நல்ல தாள்கூடத் துவண்டு போகும். மாற்றுத்தாள் ஒன்று பையில் இருக்கட்டும்.

மார்ச் 4, காலை 7.30

முக்கியமான ஒன்று. தனியாகப் பாடி வாசிப்பவர்கள் ஆறு கம்பியிலும் தாளைப் பின்னாதீர்கள். கீழ்ஸ்தாயி முழுக்கச் செத்துவிடும். கேஷுக்கு அது பொருட்டில்லை; பக்கத்தில் கிராண்டின் பாஸும் லூத்தரின் கீழ்க்கம்பிகளும் இருந்தன. உங்களுக்கு அந்த இருவரும் இல்லை. தடித்த இரண்டு கம்பிகளை விட்டுவிட்டு, மெல்லிய நாலில் மட்டும் பின்னுங்கள்.

மார்ச் 5, மாலை 6.20

“கேஷ் பாட்டுகளின் தாளத்தை பூம்-சிக்கா-பூம் என்கிறார்களே, அது இந்தக் காகிதம்தானா?”

காகிதம் அதில் ‘சிக்கா’ மட்டும். ‘பூம்’ லூத்தருடையது, கிராண்டுடையது.

லூத்தரும் கிராண்டும் மெம்ஃபிஸில் கார் மெக்கானிக்குகள். கேஷின் அண்ணன் ராய் அதே இடத்தில் வேலை பார்த்தார், அறிமுகம் அப்படித்தான். முதலில் மூன்று பேருமே சாதாரணக் கிதார்தான் வைத்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி மீட்டுவதில் பயனில்லை என்று கிராண்ட் ஸ்டாண்ட்-அப் பாஸுக்கு மாறினார், லூத்தர் மின்கிதாருக்கு. கிராண்டுக்கு பாஸ் வாசிக்கவே தெரியாது. எந்த ஸ்வரம் எங்கே என்று பாஸின் கழுத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு பழகினார்.

லூத்தரின் கிதார் ஃபெண்டர் எஸ்கொயர். டெலிகாஸ்டர் கிதாரின் உடன்பிறப்பு, ஆனால் ஒற்றைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி). கைமாறி வந்தது, வால்யூம் கட்டுப்பாடு சரியில்லை என்று கிராண்ட் சொல்லியிருக்கிறார். சத்தத்தைக் குமிழால் குறைக்க முடியாததால் லூத்தர் வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைக் கம்பிமேல் வைத்து அமுக்கி வாசித்தார். அந்த ‘டக்கு டக்கு’ நாதம் இப்படி வந்தது.

வாசிக்கும் முறை: ஈ கார்டு பிடியுங்கள். முதல் தட்டில் ஆறாவது கம்பியைத் திறந்தபடி (பூம்). அடுத்த தட்டில் மெல்லிய கம்பிகளில் கீழே-மேலே வேகமாக ஒரு வீச்சு (சிக்கா). மூன்றாவது தட்டில் ஐந்தாவது கம்பி, இரண்டாம் ஃப்ரெட். மறுபடி சிக்கா. ஏ கார்டுக்கு ஐந்தாவது கம்பி திறந்து, பிறகு ஆறாவது திறந்து. அவ்வளவுதான் அடித்தளம். கையமுக்கம் பிரிட்ஜை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டி முன்னால் வந்தால் ஸ்வரமே இல்லாத கட்டைச் சத்தம்தான் மிஞ்சும். புதிதாகப் பழகுபவர்கள் ‘பூம்’மை ஓங்கி அடித்து ‘சிக்கா’வை விழுங்கிவிடுகிறார்கள். ரயில் ஓடுவது ‘சிக்கா’வில்தான்.

மார்ச் 5, இரவு 10.10

“வாசிக்கத் தெரியாத ஆட்கள் என்கிறீர்கள். அவ்வளவு பெரிய ஸ்டுடியோ எப்படிச் சேர்த்துக்கொண்டது?”

பெரிய ஸ்டுடியோ இல்லை. மெம்ஃபிஸ், யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் சாம் பிலிப்ஸ் 1950இல் திறந்த ஒற்றைக் கூடம். அவருடைய இசைத்தட்டு நிறுவனமான சன் ரெக்கார்ட்ஸ் அங்கிருந்துதான். கேஷ் அங்கே போய் நின்றது சுவிசேஷப் பாட்டுகளோடு. அதை விற்க முடியாது என்று பிலிப்ஸ் ஒதுக்கிவிட்டார். 1955இல் ‘ஹே போர்ட்டர்’, ‘க்ரை! க்ரை! க்ரை!’ இரண்டும் ஒரே இசைத்தட்டில் வந்தன. அதுவரை கேஷுக்கு வேலை, வீடு வீடாகப் போய் வீட்டு உபயோகச் சாதனம் விற்பது.

லூத்தருக்கு வேகமான தனிவாசிப்பு வராது. பிலிப்ஸ் அவரை எடுத்துவிட்டு நல்ல கைக்காரரைப் போட்டிருக்கலாம், போடவில்லை. சன்னில் நடந்தவற்றில் இதுவே பெரிய முடிவு என்பது என் கருத்து.

மார்ச் 6, காலை 8.00

எதிரொலி பற்றிக் கேட்டவருக்கு. சன் பதிவுகளில் குரலுக்குப் பின்னால் உடனே ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றை எதிரொலிக்கு ‘ஸ்லாப்பேக்’ என்று பெயர். பிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் எந்திரங்கள் வைத்திருந்தார். ஒன்றில் பதிவு. இன்னொன்றில் அதே ஒலியைப் பதிந்து, அதன் வாசிப்பு ஹெட்டிலிருந்து (டேப்பைப் படிக்கும் முனை) எடுத்து முதலாவதோடு கலப்பார். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது. பதிவு ஹெட்டுக்கும் வாசிப்பு ஹெட்டுக்கும் சுமார் 2 அங்குல இடைவெளி. 2ஐ 15ஆல் வகுத்தால் 0.13 நொடி.

ஆகவே உங்கள் டிலே பெடலிலோ செயலியிலோ 130 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் சுழி (ஒரே ஒரு முறைதான் திரும்பி வரவேண்டும்), கலவை கால் பங்கு. ஃபீட்பேக்கை ஏற்றினால் குகைக்குள் பாடுவது போல ஆகிவிடும். பலர் போடும் ‘சன் சவுண்ட்’ கெட்டுப்போவது அங்கேதான்.

மார்ச் 6, இரவு 9.15

‘ஐ வாக் தி லைன்’ பாட முயல்பவர்கள் இரண்டாவது சரணத்தில் தடுக்கி விழுவார்கள். காரணம், ஐந்து சரணங்களிலும் ஒவ்வொரு முறையும் சுருதி மாறுகிறது. கார்டு வடிவத்தில் சொன்னால் ஈ, ஏ, டி, மறுபடி ஏ, மறுபடி ஈ. கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது துணுக்கென்றிருக்கும். ஒரே பாட்டுக்குள் சரணத்துக்குச் சரணம் ஆதார ஷட்ஜத்தையே நகர்த்துகிறார். கடைசிச் சரணம் முதல் சரணத்தின் வரிகளேதான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே.

சரணத்துக்கு முன்னால் கேஷ் ‘ம்ம்ம்’ என்று இழுப்பது அலங்காரம் அல்ல. புதிய சுருதியைப் பிடித்துக்கொள்கிறார். நீங்களும் அதை விடாதீர்கள். இன்னொரு சிக்கல்: ஒவ்வொரு சரணமும் ஆதாரக் கார்டில் தொடங்காமல் ஐந்தாவதில் தொடங்குகிறது. ஈ சுருதிச் சரணம் பி செவன்தில் ஆரம்பித்து ஈக்கு வரும். ஏ சுருதிச் சரணம் ஈ செவன்தில். டி சுருதிச் சரணம் ஏ செவன்தில். முனகலில் பிடித்த ஸ்வரம் ஒன்று, கையில் பிடிக்கும் கார்டு வேறு. அங்கேதான் குரல் நழுவும்.

கேஷ் சிந்தித்தது மெதுவான பாட்டாக. வேகமாக வாசியுங்கள் என்று சொன்னது பிலிப்ஸ். 1956 ஏப்ரல் 2 பதிவு. கன்ட்ரி பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலிலும் முதல் 20க்குள்.

மார்ச் 7, காலை 7.45

இந்தக் கார்டு வரிசை எங்கிருந்து வந்தது என்று கேஷே சொன்னதுண்டு. 1950 முதல் 1954 வரை அமெரிக்க விமானப்படை. ஜெர்மனியின் லான்ட்ஸ்பெர்க்கில் சோவியத் மோர்ஸ் செய்திகளை ஒட்டுக்கேட்டு எழுதும் வேலை. அங்கே அவரிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. ஒரு நாள் கிதார் பதிந்த டேப் தலைகீழாக ஓட, அந்த விசித்திரமான வரிசை மனதில் தங்கிவிட்டது.

அதற்கு முந்தைய காலத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பிறப்பு 1932 பிப்ரவரி 26, அர்க்கன்ஸாவின் கிங்ஸ்லாண்ட். 1935இல் குடும்பம் டையஸ் என்ற அரசுக் குடியேற்றத்துக்குப் போய்ப் பருத்தி பயிரிட்டது. 1937 வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறியதும், 1944இல் அண்ணன் ஜாக் ரம்ப மேசையில் சிக்கி இறந்ததும் அவர் பாட்டுகளில் கடைசி வரை தலைகாட்டும். சுவிசேஷப் பாட்டுமேல் அவருக்கு இருந்த பிடிவாதத்தை ஜாக்கைத் தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. போதகராக வேண்டும் என்றிருந்த பையன் அவன்.

மார்ச் 8, மாலை 5.50

இதுவரை எழுதியதிலிருந்து ஒன்று சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். கேஷிடமிருந்து எதையாவது எடுத்த போதெல்லாம் அவர் நன்றாகப் பாடினார். சேர்த்த போதெல்லாம் கெட்டார். டிரம் இல்லை, வேகமான கிதார் இல்லை, மூன்று கார்டு: சன் காலம். வயலின் கூட்டமும் கோரஸும்: சன்னுக்குப் பிறகு போன கொலம்பியா நிறுவனத்தின் பிற்காலம்.

மார்ச் 8, இரவு 11.20

“அப்படியானால் ‘ரிங் ஆஃப் ஃபயர்’? ட்ரம்பெட் இல்லாமல் அந்தப் பாட்டு உண்டா?”

சரியான அடி. 1963. ஜூன் கார்ட்டரும் (பின்னாளில் கேஷின் மனைவி) மெர்ல் கில்கோரும் எழுதியது. முதலில் பதிந்தவர் ஜூனின் தங்கை அனிட்டா, ட்ரம்பெட் இல்லாமல். கேஷ் மெக்சிகோ மரியாச்சி பாணியில் ட்ரம்பெட்டைச் சேர்த்தார், கன்ட்ரி பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். சேர்த்ததால் ஜெயித்த பாட்டு, மறுப்பதற்கில்லை.

ஆனால் ட்ரம்பெட் எங்கே ஊதுகிறது என்று கவனியுங்கள். குரல் ஓய்ந்த இடைவெளியில்தான் பெரும்பாலும். குரல் வந்ததும் ஒதுங்கிக்கொள்கிறது. கீழே அதே பூம்-சிக்கா. என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்: எத்தனை வாத்தியம் என்பது கணக்கல்ல, குரலின் கீழே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்பதே கணக்கு. அந்தக் குரல் ஆழமானது, ஆனால் அகலம் குறைவு. அதே ஸ்தாயியில் செல்லோவோ ஆண் கோரஸோ வந்தால் மூழ்கிவிடும். ட்ரம்பெட் மேலே இருக்கிறது, மோதுவதில்லை.

மார்ச் 9, காலை 9.00

“கேஷ் கொலைக்குச் சிறை போனவர்தானே?”

இல்லை. ஒரு நாள் தண்டனைகூட அவர் சிறையில் கழித்ததில்லை. லாக்கப்பில் ஓரிரவு என்று சில முறை உண்டு. பெரியது 1965 எல் பாசோ: மெக்சிகோவின் ஹுவாரெஸிலிருந்து திரும்பும்போது கிதார் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் ஊக்க மாத்திரையும் மயக்க மாத்திரையும். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மாத்திரைப் பழக்கம் நிஜம். கொலை பாட்டில் மட்டும்.

மார்ச் 9, காலை 9.25

அதோடு சேர்த்து வழக்கமாக வரும் கேள்வி, ரீனோவில் ஒருவனைச் சுட்டவன் ஃபோல்சம் சிறையிலிருந்து பாடும் ‘ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்’ பற்றி: ரீனோ நெவாடாவில் இருக்கிறது, ஃபோல்சம் சிறை கலிஃபோர்னியாவுடையது, அங்கே சுட்டவன் இங்கே எப்படி? சட்டப்படி பொருந்தாது. பாட்டை எழுதும்போது கேஷ் ஜெர்மனியில் இருந்தார், ஃபோல்சம் பற்றி ஒரு படம் பார்த்திருந்தார், அவ்வளவே. மெட்டும் பல வரிகளும் கார்டன் ஜென்கின்ஸின் 1953 பாட்டு ஒன்றிலிருந்து நேராக வந்தவை. பின்னாளில் ஜென்கின்ஸுக்குப் பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். ரசிகர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். சொல்லத்தான் வேண்டும். சுட்டுவிட்டு அவன் சாவதைப் பார்ப்பதற்காக என்ற அந்த வரி மட்டும் முழுக்க கேஷுடையது. பாட்டு நிற்பதும் அதன்மேல்தான்.

மார்ச் 10, மாலை 7.10

ஃபோல்சம் ஆல்பம். 1968 ஜனவரி 13, சிறையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள். தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன். வெளிவந்த இசைத்தட்டில் பெரும்பகுதி காலை நிகழ்ச்சி. முந்தைய இரவு கைதி ஒருவர் எழுதிய பாட்டின் டேப் கேஷ் கைக்கு வந்தது. கிளென் ஷெர்லி எழுதிய ‘க்ரேஸ்டோன் சேப்பல்’. இரவோடிரவாகப் பழகி மறுநாள் பாடினார்கள், எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க.

எல்லோரும் சிலிர்க்கும் அந்த ஆரவாரம் (ரீனோ வரி முடிந்ததும் எழுவது) அன்று அங்கே எழவில்லை. ஸ்டுடியோவில் பிறகு ஒட்டியது. காவலர்கள் சுற்றி நிற்க, கொலையைப் பற்றிய வரிக்குக் கைதட்டிக் கெட்ட பெயர் வாங்க அந்தக் கைதிகள் தயாராக இல்லை. எனக்கு உண்மையான அந்த மௌனம்தான் பெரிதாகப்படுகிறது. இரண்டு நிகழ்ச்சிகளும் முழுதாக 2008 பதிப்பில் வந்திருக்கின்றன. வாங்குவதானால் அதை வாங்குங்கள்.

மார்ச் 10, இரவு 10.30

“சான் க்வென்டின் சிறை நிகழ்ச்சியில் லூத்தர் ஃபோல்சமைவிட நன்றாக வாசித்திருக்கிறார்.”

சான் க்வென்டின் 1969 பிப்ரவரி. லூத்தர் 1968 ஆகஸ்டிலேயே, வீட்டில் பிடித்த தீயில் பட்ட காயங்களால் இறந்துவிட்டார். நீங்கள் கேட்டது பாப் வுட்டன். 1968 செப்டம்பரில் அர்க்கன்ஸாவின் ஃபயட்வில்லில் ஒரு நிகழ்ச்சிக்குக் குழுவினர் விமானம் கிடைக்காமல் வந்து சேரவில்லை. கூட்டத்தில் இருந்த வுட்டன், நான் வாசிக்கிறேன் என்று வந்தார். லூத்தரின் ஒவ்வொரு ஸ்வரமும் அவருக்கு மனப்பாடம். பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் கேஷுடனேயே இருந்தார்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: லூத்தர் தட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுவார், கவனமாக, ஸ்வரத்தைத் தேடி எடுப்பது போல. வுட்டன் தட்டின் மேலேயே ஓடுவார், அமுக்கம் குறைவு, சத்தம் பளிச்சென்றிருக்கும்.

‘எ பாய் நேம்டு சூ’ அந்த நிகழ்ச்சியில்தான் வந்தது. ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதியது. கேஷுக்கு மனப்பாடம் ஆகவில்லை, காகிதத்தைப் பார்த்தே பாடினார். குழுவுக்கும் புதிது, பின்னால் தடவித் தடவி வருகிறார்கள். பாப் பட்டியலில் இரண்டாம் இடம்.

மார்ச் 12, காலை 8.40

1969 முதல் 1971 வரை ஏபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி, ரைமன் அரங்கிலிருந்து. முதல் வாரமே பாப் டிலன், ஜோனி மிட்செல். அதன்பின் இறக்கம். நான் விரிவாகச் சொல்ல விரும்பவில்லை. 1984இல் கோழி வேடிக்கைப் பாட்டு ஒன்று வரை போனது. 1986இல் கொலம்பியா கைகழுவியது, 28 வருட உறவுக்குப் பின்.

இதில் வருத்தம் தருவது ஒன்று. 1958இல் அவர் சன்னை விட்டுக் கொலம்பியா போனதே இரண்டு காரணங்களுக்கு. பிலிப்ஸ் சுவிசேஷ ஆல்பம் போட விடவில்லை, ராயல்டியும் மற்ற இடங்களைவிடக் குறைவு. கொலம்பியா 1959இலேயே சுவிசேஷ ஆல்பம் போட்டுக் கொடுத்தது. அந்த நன்றியில்தான் அவ்வளவு காலம் இருந்தார்.

மார்ச் 12, இரவு 9.55

1994, ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ ஆல்பம், தயாரிப்பாளர் ரிக் ரூபின். ராப், ஹெவி மெட்டல் தயாரித்தவர். கேஷை வீட்டுக் கூடத்தில் கிதாரோடு உட்காரவைத்து, பிடித்ததைப் பாடுங்கள் என்று பதிந்தார். பாஸ் இல்லை, எதிரொலி இல்லை. காகிதமும் இல்லை. கிளப் ஒன்றில் பாடிய இரண்டு பாட்டு தவிர ஆல்பத்தின் மற்றவை ரூபினின் கூடத்திலும் டென்னசியில் கேஷின் மரவீட்டிலும் பதிந்தவை. வயது 62. இந்த ஆல்பத்தில் மூச்சு வாங்குவது கேட்கும், விரல் கம்பியில் வழுக்குவது கேட்கும். ஸ்பீக்கரில் சத்தம் கூட்டி வைக்காதீர்கள், அறைப்பேச்சு அளவு போதும்.

மார்ச் 14, மாலை 6.35

“கேஷ் 2002இல் பாடிய ‘ஹர்ட்’ வாசிக்க எளிது என்கிறார்கள். எனக்கு மட்டும் தட்டையாக வருகிறது.”

கார்டுகள் எளிதுதான். சரணத்துக்கு ஏ மைனர், சி, டி. பல்லவிக்கு ஏ மைனர், எஃப், சி, ஜி. தட்டையாக வருவதற்குக் காரணம், முதலிலிருந்தே முழுக் கார்டையும் மீட்டுவது. சரணத்தில் கம்பிகளைத் தனித்தனியாக எடுங்கள், கீழ்ஸ்வரம் முதலில், ஒரு சந்தத்துக்கு மூன்று நான்கு கம்பிக்கு மேல் வேண்டாம். மீட்டுவதைப் பல்லவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பல்லவியில் பாதி வலுவோடு நிறுத்துங்கள். இரண்டாவதுக்கு ஏறுவதற்கு இடம் மிச்சம் வேண்டும். பதிவில் அந்த ஏற்றத்தைத் தருவது பியானோ. இரண்டாவது பல்லவியில் ஒரே ஸ்வரத்தை விடாமல் தட்டித் தட்டி, கடைசியில் ஒலி உடைந்து கரகரக்கும் வரை போகிறார்கள். தனிக் கிதாரில் அதற்கு மாற்று: மெல்லிய கம்பியின் ஒரு ஸ்வரத்தைக் கார்டு மாறினாலும் விடாமல் ஒலிக்கவிடுங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி. சி, ஜி இரண்டிலும் இயல்பாக உட்காரும், ஏ மைனரிலும் எஃபிலும் கொஞ்சம் உறுத்தும். அந்த உறுத்தல் வேண்டியதுதான்.

குரலை நடுங்கவைக்க முயலாதீர்கள். 2002இல் கேஷின் குரல் நடுங்கியது நோயால். சர்க்கரை நோய் நரம்புகளைத் தாக்கியிருந்தது, மூச்சு போதவில்லை. அவர் நடுக்கத்தை அடக்கத்தான் பார்க்கிறார், வரி முடிவில் சொல்லை வெட்டி நிறுத்துவது அதனால்.

மார்ச் 14, இரவு 8.05

‘ஹர்ட்’ விடியோவைப் பற்றிக் கேட்டவருக்கு: மார்க் ரொமானெக் இயக்கியது. ஹெண்டர்சன்வில் வீட்டிலும், மூடிக்கிடந்த ‘ஹவுஸ் ஆஃப் கேஷ்’ அருங்காட்சியகத்திலும் எடுத்தது. படிக்கட்டில் நின்று பார்ப்பவர் ஜூன். 2003 மே 15இல் அவர் போனார், செப்டம்பர் 12இல் கேஷ். இடைப்பட்ட நாலு மாதத்திலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டே இருந்தார். அவை ஐந்தாவது, ஆறாவது அமெரிக்கன் ஆல்பங்களில் வந்திருக்கின்றன. வாங்குபவர்கள் ஐந்தாவதிலிருந்து தொடங்குங்கள்.